பெர்க்குக்குப் பிறகு எது? டிரை கிளீனிங் கடைக்காரரின் கணக்கு

டிரை கிளீனிங் இயந்திரம் ஒன்றை வாங்கினால் பதினைந்து ஆண்டு ஓடும். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் சில ஆண்டு கூடுதலாகவே ஓடும். ஆக, இன்றைக்குக் கடன் வாங்கி ஓர் இயந்திரத்தை இறக்குகிற கடைக்காரர், 2040 வரைக்கும் தன் கடையில் எந்த ரசாயனம் புழங்கும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார். விற்க வருகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. டிரம் எத்தனை கிலோ பிடிக்கும், ஒரு லோடு எத்தனை நிமிடத்தில் வெளியே வரும், மாதத் தவணை எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உள்ளே ஊற்றப்போகிற திரவத்துக்கு இன்னும் எத்தனை ஆண்டு ஆயுள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை அவசரமாக்கியிருப்பது பெர்க், துணியின் அழுக்கைத் தண்ணீருக்குப் பதிலாகக் கரைத்தெடுக்கும் திரவம். முழுப் பெயர் பெர்குளோரோஎத்திலீன். தொழிலில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பெர்க்கை டிரை கிளீனிங்கிலிருந்து பத்தாண்டில் படிப்படியாக வெளியேற்றும் விதியை வெளியிட்டது. புதிதாக வாங்கும் இயந்திரத்தில் பெர்க் ஊற்றவே கூடாது. பழைய மூன்றாம் தலைமுறை இயந்திரங்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம். மற்றவை 2034 டிசம்பர் வரை ஓடலாம். விதியை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் உண்டு. தேதிகள் முன்னே பின்னே ஆகலாம். ஆனால் போகும் திசையில் சந்தேகம் இல்லை. கலிஃபோர்னியா 2007இலேயே முடிவெடுத்து, 2023 ஜனவரி 1 முதல் ஒரு கடையிலும் பெர்க் இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது. பிரான்ஸில், நீஸ் நகரத்தில் சலவைக் கடைக்கு மேல்வீட்டில் வசித்த ஒரு மூதாட்டி 2009இல் இறந்ததை அடுத்து, குடியிருப்புகளை ஒட்டிய கடைகளில் புதிய பெர்க் இயந்திரம் வைப்பது 2013 மார்ச் முதல் தடுக்கப்பட்டது. பழையவற்றுக்கும் கெடு விதிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு கெடு கிடையாது. பெரிய கடைகளிலும் ஓட்டல்களின் சலவைப் பிரிவுகளிலும் பெர்க் இயந்திரம் ஓடுகிறது. சிறிய கடைகளில் எம்.டி.ஓ. எனப்படும் மினரல் டர்பன்டைன் ஆயில். வாடிக்கையாளர்கள் அதைப் 'பெட்ரோல் வாஷ்' என்கிறார்கள். அமெரிக்கச் சட்டம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இயந்திரம் செய்கிறவர்கள் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெரிய சந்தைகள் பெர்க்கைக் கைவிட்டால், பெர்க் இயந்திரத்துக்கான உதிரிப் பாகமும் தொழில்நுட்ப ஆளும் நமக்கும் அரிதாகும். ரசாயனத்தின் விலையும் அதே வழியில் போகும். சட்டம் இங்கே வராவிட்டாலும் அதன் விளைவு வந்து சேரும்.

தேர்வுகளைப் பார்க்கும் முன் இந்தத் தொழிலின் பழைய வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பது நல்லது. நியூயார்க் தையல்காரர் தாமஸ் ஜென்னிங்ஸ் 1821இல் துணி சுத்தம் செய்யும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். (அதே 1821இல்தான் லண்டனில் மைக்கேல் ஃபாரடே பெர்க்கை முதன்முதலாகத் தயாரித்தார். இரண்டும் ஒன்றுசேர நூறாண்டுக்கு மேல் ஆனது.) பாரிஸில் முதல் டிரை கிளீனிங் கடைகளில் ஒன்றைத் திறந்த ழான்-பாப்டிஸ்ட் ஜோலி காலத்திலிருந்து டர்பன்டைன், மண்ணெண்ணெய், பெட்ரோல் என்று எரியக்கூடிய திரவங்களே கடைகளில் புழங்கின. கடைகள் தீப்பிடித்தன. அட்லாண்டாவில் கடை வைத்திருந்த ஸ்டாடர்ட் என்பவர் 1920களில் ஆய்வாளர்களோடு சேர்ந்து, சுமார் 38 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தீப்பற்றாத பெட்ரோலியக் கரைப்பானைக் கொண்டுவந்தார். தீயே பிடிக்காத ஒன்று வேண்டும் என்று கார்பன் டெட்ராகுளோரைடுக்குப் போனார்கள். அது கல்லீரலைக் கெடுத்தது. டிரைகுளோரோஎத்திலீன் வந்தது, இன்று அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பட்டியலில் இருக்கிறது. பெர்க் 'பத்திரமான மாற்று' என்ற பெயரோடுதான் கடைக்குள் நுழைந்தது. பெர்க்குக்கு மாற்றாக புரோபைல் புரோமைடு வந்தபோதும் அதே பேச்சுதான். நியூஜெர்சியில் அதற்கு மாறிய ஒரு கடைக்காரருக்கு நரம்புக் கோளாறு வந்தது 2008இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வார அறிக்கையில் பதிவானது.

அதனால் 'பசுமை' என்று லேபிள் ஒட்டிய டின் ஒன்றைக் காட்டினால் எனக்கு உடனே மகிழ்ச்சி வருவதில்லை. எத்தனை ஆண்டாக, எத்தனை பேர் சுவாசித்துப் பார்த்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

பெர்க்கிலேயே இருப்பது

பெர்க்குக்கு அறுபது எழுபது ஆண்டு ராஜ்யம் சும்மா கிடைக்கவில்லை. எரியாது. எண்ணெய்ப் பிசுக்கை அடியோடு எடுக்கும். கரைக்கும் திறனை அளக்கும் கௌரி-பியூட்டனால் எண்ணில் அது 90ஐ ஒட்டி நிற்கிறது, அதற்கு மாற்றாக விற்கப்படும் ஹைட்ரோகார்பன் என்ற பெட்ரோலியக் கரைப்பான் 27இல்தான் இருக்கிறது. 121 டிகிரியில் கொதிப்பதால் அழுக்கான திரவத்தை வடித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். கம்பளி சுருங்காது. ஒரு லோடு முக்கால் மணி நேரத்தில் காய்ந்து வெளியே வந்துவிடும். இன்று கிடைக்கும் ஐந்தாம் தலைமுறை இயந்திரத்தில் கதவு திறக்கும் முன் டிரம்முக்குள் ஆவி எவ்வளவு இருக்கிறது என்று உணரி அளக்கிறது. குறையாவிட்டால் பூட்டு விடாது. கையில் பணமில்லாத கடைக்காரருக்குப் பழைய பெர்க் இயந்திரம் மலிவாகக் கிடைப்பதும் ஒரு கவர்ச்சி.

எதிர்ப்பக்கக் கணக்கு கடையின் பேரேட்டில் வராதது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லிருந்தே பெர்க்கை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் வைத்திருக்கிறது. அமெரிக்கத் தொழிலிடங்களில் காற்றில் அனுமதிக்கப்பட்ட அளவு நீண்ட காலமாக 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு). 2024 விதி வகுத்த அளவு 0.14 பிபிஎம். எழுநூறு மடங்குக்கு மேல் இறங்கியிருக்கிறது. பெர்க்கின் இனிப்பு கலந்த வாசனை மனித மூக்குக்கு எட்டவே காற்றில் சுமார் 1 பிபிஎம் இருக்க வேண்டும் என்கிறார்கள். அதாவது 'இன்று வாசனை அவ்வளவாக இல்லையே' என்று கடைப் பையன் சொல்லும்போதே வரம்பு பல மடங்கு தாண்டியிருக்கலாம்.

என்னை அதைவிடக் கவலைப்படுத்துவது தரை. பெர்க் தண்ணீரைவிட 1.6 மடங்கு கனமானது, தண்ணீரில் எளிதில் கரையாதது. கசிந்தால் கான்கிரீட்டை ஊடுருவி, மண்ணைக் கடந்து, நிலத்தடி நீரையும் தாண்டி அடியில் போய் உட்கார்ந்துவிடும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பல பத்தாண்டுகளுக்குக் கரைந்துகொண்டே இருக்கும். அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் பெர்க் 1.62 கிலோ. வகுத்துப் பார்த்தால், ஒரே ஒரு லிட்டர் 32 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகப் போதும். வடகரோலினாவின் கேம்ப் லெஜ்யூன் கடற்படை வீரர் முகாமில் 1953 முதல் 1987 வரை குடிநீர் கெட்டுக் கிடந்ததில் ஒரு பகுதிக்குக் காரணம், முகாமுக்கு வெளியே இருந்த ஒரே ஒரு டிரை கிளீனிங் கடை. பல அமெரிக்க மாநிலங்களில் பழைய சலவைக் கடை மண்ணைச் சுத்தம் செய்வதற்கென்றே தனி நிதியம் வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் கடைக்குப் பின்னாலேயே போர்வெல் இருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் மாடியில் குடியிருக்கிற வீட்டுக்காரரும் குடிக்கிறார். புதிதாக வாங்குகிறவருக்கு என் பதில்: பெர்க் வேண்டாம், இனாமாகக் கொடுத்தாலும்.

எம்.டி.ஓ.

சட்டத்தின் கண் இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பெரிய முதலீடு வேண்டாம். சலவை இயந்திரம் ஒன்று, துணி பிழிய ஒரு ஹைட்ரோ, காயப்போட ஓர் அறை. பட்டுக்கும் சரிகைக்கும் பெர்க்கைவிட மென்மையானது. அதனால்தான் பட்டுச் சேலைகளுக்குப் பேர்போன பழைய கடைகள் இதை விடாமல் வைத்திருக்கின்றன.

ஆனால் எம்.டி.ஓ.வின் தீப்பற்று நிலை தரத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 30 முதல் 40 டிகிரிக்குள் இருக்கிறது. ஒரு திரவம் அந்த வெப்பநிலையை எட்டினால் அதன் மேற்பரப்பில் இருக்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். அட்லாண்டாக்காரர் 38 டிகிரி பத்திரம் என்று நினைத்ததற்கு அவருடைய ஊரின் தட்பவெப்பம் துணை நின்றது. வேலூரிலும் மதுரையிலும் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, எந்த இயந்திரத்தையும் ஓட்டாமலேயே, திரவம் அந்த எல்லையைத் தொட்டுவிடும். பக்கத்தில் தேய்ப்புப் பெட்டி, மேலே பழைய சுவிட்ச் போட்ட மின்விசிறி. துணி காயும்போது முழு ஆவியும் அறைக்குள்தான் போகிறது. வேலை செய்கிறவரின் நுரையீரல்தான் வடிகட்டி. மலிவு என்பதற்காக இதைத் தொடர்கிறவர்கள் குறைந்தபட்சம் காய வைக்கும் அறையை இஸ்திரி மேசையிலிருந்து பிரித்து, பொறி தட்டாத மின்பொருத்தம் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. எதிர்காலம் என்று சொல்லத்தக்க வழி அல்ல இது.

ஹைட்ரோகார்பன், சிலிக்கான், மற்றவை

எம்.டி.ஓ.வின் நன்கு சுத்திகரித்த உறவினர் என்று ஹைட்ரோகார்பனைச் சொல்லலாம். அரோமாட்டிக் எனப்படும் பென்சீன் வகைச் சேர்மங்களை நீக்கி, தீப்பற்று நிலையை 60 டிகிரிக்கு மேல் தள்ளியிருக்கிறார்கள். மூடிய இயந்திரத்தில் ஓடும். உள்ளே நைட்ரஜன் செலுத்தியோ வெற்றிடம் உண்டாக்கியோ, வெப்பத்தைக் கண்காணித்தோ தீயைத் தவிர்க்கிறார்கள். பெர்க்கை விட்டுக் கிளம்பிய அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலானவை இதற்குத்தான் போயின. அங்கே ஒரு வேடிக்கை உண்டு. கலிஃபோர்னியா அரசு பெர்க் மீது கேலனுக்கு 3 டாலர் கட்டணம் போட்டு, ஆண்டுதோறும் ஒரு டாலர் ஏற்றி, அந்தப் பணத்திலிருந்து மாறுகிறவர்களுக்கு 10,000 டாலர் மானியம் கொடுத்தது. மானியம் தண்ணீர் முறைக்கும் கார்பன் டை ஆக்சைடு முறைக்கும் மட்டும்தான். ஹைட்ரோகார்பன் நகரப் புகைமூட்டத்துக்குத் துணைபோகும் என்பதால் அதற்கு ஒரு காசு கிடையாது. கடைக்காரர்கள் மானியத்தை விட்டுவிட்டு ஹைட்ரோகார்பனை வாங்கினார்கள். அந்த மாநிலத்துக் கடைகளில் பலவற்றை நடத்துபவை கொரியாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய கடை. பழகிய வேலைமுறையை மாற்றாமல் திரவத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவே அவர்கள் விரும்பினார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறைகள்: லோடு முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிசுக்கு எடுக்கும் திறன் குறைவு என்பதால் கறை எடுக்கும் மேசையில் கை வேலை கூடும். திரவத்தில் தண்ணீர் தங்கிவிட்டால் பாக்டீரியா வளர்ந்து, துவைத்த துணி நாறும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இதை வாரம் தவறாமல் கவனிக்க வேண்டும். நிறை என்னவென்றால், நம் கல்யாண உடைகளுக்கு இது ஒத்துவருகிறது. ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கையில் பசை போட்டு ஒட்டிய கற்களையும் சில வகைச் சமிக்கிகளையும் பெர்க் கரைத்துக் கையில் கொடுத்துவிடும். ஹைட்ரோகார்பனில் அவை பெரும்பாலும் தப்பிக்கின்றன. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். ஒரு கல்லைச் சோதித்துப் பார்க்காமல் டிரம்மில் போடுகிறவருக்கு எந்தத் திரவமும் உத்தரவாதம் தராது.

சிலிக்கான் திரவம் என்று விற்கப்படுவது டி5 எனும் சைலோக்சேன். 1999 முதல் கிரீன்எர்த் என்ற பெயரில் உரிமக் கட்டணத்தோடு பரவியது. துணியைத் தொட்டால் மெத்தென்று இருக்கும், வாசனை கிடையாது, சாயம் போகாது. பட்டுக்கு இதைவிட மென்மையானது இல்லை என்று பயன்படுத்தியவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இதைச் சுற்றுச்சூழலில் சிதையாமல் தேங்கி, உயிர்களின் உடலில் சேரும் பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. 2024 விதியின்படி டிரை கிளீனிங்குக்கு அங்கே 2034 நடுவரைதான் சலுகை. பதினைந்து ஆண்டு ஓடும் இயந்திரத்தில் பத்தாண்டுகூட உறுதியில்லாத திரவம். பெர்க்கை விட்டு ஓடுகிறவர் இதில் ஏறினால் இன்னொரு முறை இறங்க வேண்டியிருக்கும்.

ஜெர்மனியின் க்ராய்ஸ்லர் நிறுவனத்தின் சால்வான் கே4 நன்றாகக் கரைக்கிறது, பெர்க்கை நெருங்கும் அளவுக்கு. பியூட்டைலால் என்ற ஒற்றை வேதிப்பொருள். மனிதர்கள் மீது நீண்ட கால விளைவு பற்றி வெளியான ஆய்வுகள் குறைவு, ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டும். மேலே சொன்ன வரலாற்றை நினைத்தால் இன்னும் பத்தாண்டு காத்திருந்து பார்க்கலாம் என்றே தோன்றுகிறது.

திரவக் கார்பன் டை ஆக்சைடு அறிவியல் அழகு. சோடா குப்பியில் இருக்கும் அதே வாயுவை ஐம்பது அறுபது மடங்கு காற்றழுத்தத்தில் திரவமாக்கித் துவைப்பது. முடிந்ததும் அழுத்தத்தை விட்டால் துணி தானே காய்ந்திருக்கும். நச்சில்லை, தீயில்லை. விலையும் அழுத்தக் கலத்தைப் பராமரிக்கும் ஆளும்தான் எட்டாதவை. அமெரிக்காவிலேயே மிகச் சில கடைகளுக்கு மேல் இது போகவில்லை. இங்கே ஒரு தனிக் கடைக்கு இது பேச்சளவிலேயே நிற்கும்.

தண்ணீர்

வெட் கிளீனிங் என்பது வீட்டு வாஷிங் மெஷினின் பெரிய வடிவம் அல்ல. கம்பளி சுருங்குவதற்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. ஈரமான இழையின் செதில்கள் சூட்டோடும் அசைவோடும் சேர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதே காரணம். சூட்டையும் அசைவையும் எடுத்துவிட்டால் தண்ணீர் பெரிய எதிரி இல்லை. இந்த இயந்திரத்தில் டிரம் நிமிடத்துக்குச் சில முறை மெல்லப் புரளும்; தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டாது; இழையைக் காக்கும் தனிச் சோப்பு. உலர்த்தியில் ஈர உணரி உண்டு; துணியில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடும். க்ராய்ஸ்லரும் இயந்திரம் செய்யும் மீலேவும் சேர்ந்து 1991இல் ஜெர்மனியில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். சட்டை லேபிளில் வட்டத்துக்குள் டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் இந்த முறைதான் பொருள்; பி என்றால் பெர்க் வரை தாங்கும், எஃப் என்றால் ஹைட்ரோகார்பன் மட்டும்.

'பட்டுக்குத் தண்ணீர் ஆகாது' என்று வாடிக்கையாளர் சொல்வார். பாதி உண்மை. பட்டு நூலின் பசையை நீக்கச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைக்கிறார்கள். சாயத் தொட்டியிலும் அது வெந்நீரில்தான் கிடக்கிறது. நம் பாட்டிமார் கூறைப் புடவையைப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தித்தான் முப்பது நாற்பது ஆண்டு வைத்திருந்தார்கள். ஆகாதது பட்டு அல்ல. நிலைக்காத சாயமும் சரிகையும்தான். கோர்வை போட்ட புடவையில் அரக்குக் கரையின் சாயம் சந்தன நிற உடலுக்குள் ஓடினால் திரும்ப வராது. வெள்ளிச் சரிகை ஈரத்தில் கறுக்கும். முறுக்கு நூலில் நெய்த கிரேப் சுருங்கும். உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைத்த கோட்டு வடிவம் கெடும்.

எதற்குத் தண்ணீர், எதற்குக் கரைப்பான் என்பதைக் கறை எடுக்கும் மேசையில் நின்று பார்த்தால்தான் விளங்கும். முகூர்த்தத்துக்கு மறுவாரம் வந்த ஒரு புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். மேசைக்காரர் முதலில் உள்மடிப்பில் நனைத்த வெள்ளைத் துணியை அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கிறார். முந்தானையில் நெய், அதைக் கரைப்பான் எடுத்துவிடும். இடுப்பு மடிப்பில் வியர்வை உப்பு, மடியில் பாயசம். இவை இரண்டும் கரைப்பானுக்கு அசையாது. பாயசத்தின் நெய் போய்விடும், சர்க்கரை அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல். இஸ்திரிச் சூடு பட்டதும், அல்லது பீரோவில் ஆறு மாதம் இருந்ததும், அந்த இடம் பழுப்பாகத் தலைகாட்டும். வாடிக்கையாளர் 'உங்கள் கடையில்தான் கறையாக்கிவிட்டீர்கள்' என்று சண்டைக்கு வருவார். மஞ்சள் கறை இன்னொரு விதம்: சோப்பின் காரம் பட்டால் சிவந்துபோகும், காரத்தைத் தணித்து வெயிலில் காட்டினால் மங்கும். ஆக, 'டிரை கிளீனிங்குக்கு' என்று வருகிற புடவையிலேயே பாதி அழுக்கு தண்ணீரைத்தான் கேட்கிறது. நல்ல மேசைக்காரர் சிறு குப்பித் தண்ணீரும் நீராவித் துப்பாக்கியும் வைத்து அதை முன்பே எடுத்துவிடுகிறார். தண்ணீர் முறைக்கு மாறுவது ஏதோ புரட்சி மாதிரிப் பேசப்படுகிறது. மேசையில் அது எப்போதும் இருந்ததுதான்.

கடைக்கு வரும் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். பருத்திச் சட்டை, வேட்டி, லினன் பேன்ட், பள்ளிச் சீருடைக் கோட்டு, போர்வை, திரைச்சீலை, சரிகையில்லாத மென்பட்டு. இவையெல்லாம் தண்ணீரில் போகும். கரைப்பான் இல்லாமல் முடியாதவை சரிகைக் கோர்வைப் பட்டு, வெல்வெட், கிரேப், உயர்ந்த வகைக் கோட்டு சூட்டு, வேலைப்பாட்டு லெஹங்கா. எண்ணிக்கையில் குறைவு, கட்டணத்தில் அதிகம். எது எத்தனை என்று ஒரு மாத ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும். அந்தக் கணக்கைப் போடாமல் யாரும் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது.

மேற்கில் தண்ணீர் முறைக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், துணி சுருக்கத்தோடு வெளியே வருகிறது, இஸ்திரிக்குக் கூடுதல் ஆள் வேண்டும் என்பது. அங்கே ஆள் கூலிதான் பெரிய செலவு. இங்கே இயந்திரமும் இறக்குமதிக் கரைப்பானும்தான் பெரிய செலவு. இஸ்திரித் திறமை நம்மிடம் தலைமுறையாக இருக்கிறது. வாதம் நமக்குத் தலைகீழாகப் பொருந்துகிறது. தேய்ப்பவர்களின் பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவதில்லை என்பதும் உண்மை. ஆனால் அதற்குத் தீர்வு நல்ல கூலியும், வெற்றிடம் இழுக்கும் மேசையும், நீராவிப் பெட்டியும்தான், பெர்க் அல்ல.

நமக்கே உரிய வாதம் வேறு: தண்ணீரே இல்லாவிட்டால்? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடத்தோடு நின்றதை மறக்க முடியாது. இதை எளிதாகத் தள்ளிவிட நான் தயாரில்லை. கரைப்பான் இயந்திரத்துக்கும் ஆவியைக் குளிரவைக்கத் தண்ணீர் வேண்டும் என்றாலும், அதைச் சுழற்சியில் விடலாம். தண்ணீர் முறைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வெள்ளை மங்கும், இயந்திரத்தின் சூடேற்றியில் உப்பு படியும். மென்னீர் கருவி இல்லாமல் இந்த இயந்திரத்தை வாங்குவது வீண். கடைசி அலசு நீரைத் தொட்டியில் பிடித்து அடுத்த லோடின் முதல் அலசுக்கு விடும் வசதியையும் கேட்டு வாங்க வேண்டும். லாரித் தண்ணீரை நம்பி ஓடும் தெருவில் கடை இருந்தால், இந்த முடிவை ஒரு முறைக்கு இரு முறை யோசிக்கத்தான் வேண்டும்.

எந்த வரிசையில் வாங்குவது

முழுக்கத் தண்ணீர் என்று சொல்கிற ஆர்வலர்களோடு நான் போகவில்லை. காஞ்சிபுரமும் ஆரணியும் நெய்கிற ஊரில் சரிகைப் பட்டைத் திருப்பி அனுப்பும் கடை நிற்காது. நடுத்தரக் கடை ஒன்றுக்கு என் வரிசை இது: முதலில் தண்ணீர் இயந்திரமும் ஈர உணரி உள்ள உலர்த்தியும் மென்னீர் கருவியும். அதோடு கறை மேசைக்கு ஒரு தேர்ந்த ஆள். இயந்திரத்துக்குத் தவணை கட்டுவதைவிட அவருக்குச் சம்பளம் கொடுப்பது முக்கியம். கரைப்பான் தேவைப்படும் சரக்கை ஓர் ஆண்டுக்கு ஹைட்ரோகார்பன் வைத்திருக்கும் வேறு கடைக்கு அனுப்பிப் பார்க்கலாம். வாரத்துக்கு எத்தனை கிலோ போகிறது என்று தெரிந்த பிறகு, அதற்கேற்ற சிறிய மூடிய ஹைட்ரோகார்பன் இயந்திரம் வாங்கலாம், அல்லது அனுப்புவதையே தொடரலாம். பக்கத்துப் பக்கத்துக் கடைகள் நான்கு சேர்ந்து ஒரே ஹைட்ரோகார்பன் இயந்திரத்தை வைத்துக்கொள்வதும் நடக்கக்கூடியது. இஸ்திரிக் கடைகள் இப்போதே மொத்தச் சலவைக்குத் துணியை வெளியே அனுப்புகிறார்களே.

பெர்க் இயந்திரம் ஏற்கெனவே நல்ல நிலையில் ஓடுகிறவர் அதை நாளைக்கே உடைக்க வேண்டியதில்லை. கதவு ரப்பரையும் குழாய் இணைப்புகளையும் வாரம் ஒரு முறை பாருங்கள், அடியில் கசிவைத் தாங்கும் இரும்புத் தட்டு போடுங்கள், டிரம்மைத் திறப்பவரின் முகத்துக்கு நேரே காற்று வராதபடி வெளியேற்று விசிறியை மாற்றுங்கள். தண்ணீரில் போகக்கூடிய துணியை அதில் போடுவதை நிறுத்தினாலே பெர்க் வாங்கும் அளவு இறங்கிவிடும். வாடிக்கையாளருக்கும் ஒரு சொல்: பெர்க்கில் துவைத்த கோட்டை பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் மாட்டாதீர்கள்; உறையைக் கழற்றி மாடியில் அரை நாள் காற்றாட விடுங்கள்.

இயந்திரத்தை விற்கவோ கழிக்கவோ முடிவு செய்தால், உள்ளே மிஞ்சிய திரவம், வடிகலனின் அடியில் தங்கிய சேறு, ஃபில்டர், தண்ணீர் பிரிப்பானில் நிற்கும் நீர் எல்லாமே 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி உரிமம் பெற்றவரிடம் போக வேண்டியவை. கடைசியாகச் சொன்ன அந்தத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். அதனால் பலர் யோசிக்காமல் கழிவறையில் ஊற்றிவிடுவது அதைத்தான். இயந்திரம் நின்ற இடத்துத் தரையில் விரிசலோ கறையோ இருந்தால் கட்டட உரிமையாளரிடம் மறைக்காமல், மண்ணைச் சோதித்துத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சலவைக் கடை இருந்த இடத்தைக் குத்தகைக்கு எடுக்கிறவர், அங்கே முன்பு எந்த இயந்திரம் எந்த மூலையில் ஓடியது என்று கேட்டு, மண்ணில் ஏதாவது கண்டறியப்பட்டால் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.